நீ எழுதாத அந்த ஒரு வரி

அன்பு மச்சான் அன்வருக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். முரளியை மாட்டிவிட்டேன்.

நீ போன பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். காய்ச்சல் என்று லீவு போட்ட ஐந்தாம் நாள் உன் கதை முடிந்துவிட்டது. காவேரிப்பட்டினத்தில் உன்னை அடக்கம் செய்துவிட்டு ஓசூர் திரும்பிய மறுநாளே நம் மேனேஜர் முரளி என் மேஜைக்கு வந்தார். "அன்வரோட பாஸ்வேர்ட் தெரியுமாப்பா? ஜாபெல்லாம் அவன் அக்கவுண்ட்லதான ஓடுது." கொடுத்தேன். அழுது வீங்கிய முகத்தோடு, ஒன்றும் யோசிக்காமல் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் நம் வேலையை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். லாரிக்கு நாம் செய்யும் பிராக்கெட், அதாவது இரும்புத் தாங்கி, ரோட்டில் தாங்குமா, உடையுமா என்று முதலில் கம்ப்யூட்டரில்தான் பார்ப்போம். குலுக்கல், பள்ளம், பிரேக் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். நீ வேலையை எட்டுப் பங்காகப் பிரித்து, எட்டு நோடுகளுக்கு, அதாவது ஏசி அறையில் அடுக்கியிருக்கும் எட்டு கம்ப்யூட்டர்களுக்கு, ஒரே நேரத்தில் அனுப்பினாய். இப்படி அனுப்பும் ஒவ்வொரு வேலையும் ஒரு ஜாப். கடைசியில் எட்டு விடைகளையும் சேர்க்க இன்னொரு ஜாப். அதற்கு உன் ஸ்கிரிப்ட்டில், அதாவது நீ எழுதிய கட்டளை வரிகளில், ஒரு நிபந்தனை வைத்தாய். எட்டும் பிழையில்லாமல் முடிந்தால் மட்டும் சேர். ஒன்று படுத்தாலும் நில்.

அந்த நிபந்தனைக்காக உன்னை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! "மீதி ஏழ வெச்சு ரிப்போர்ட் குடுத்தா என்னடா, கொறஞ்சா போயிடுவ?" என்பேன். "பிரியாணி வாங்கி கறியே இல்லாம வந்தா நீ சும்மா இருப்பியாடா?" என்பாய்.

நீ போன பிறகு ஒரு நாள் ஆறாவது நோடு மெமரி பற்றாமல் படுத்துவிட்டது. உன் நிபந்தனைப்படி ரிப்போர்ட்டும் நின்றது. கஸ்டமர் நெருக்கினார். முரளி உன் பெயரில் உள்ளே நுழைந்து, அந்த வரியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினார். எப்படி முடிந்தாலும் சேர்! ஏழு பங்கு சேர்ந்தது, 'தாங்கும்' என்று ரிப்போர்ட் பச்சையாக வந்தது. பெரிய பள்ளங்கள் அத்தனையும் அந்த ஆறாவது பங்கில் இருந்தன. டெஸ்ட் மெஷினில் ஏற்றியதும் பிராக்கெட் இரண்டாக உடைந்தது.

"அன்வர் எழுதின ஸ்கிரிப்ட்டுங்க. பாவம், செத்துப்போன பையனப் பத்தி என்னத்த சொல்றது" என்றார் முரளி, எல்லோர் முன்னாலும். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான்டா எனக்கு எரிந்தது.

பேச்சு கம்பெனி பஸ்ஸில் ஏறி உன் ஊர் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் உன் அத்தா கம்பெனி கேட்டில் நின்றுகொண்டு செக்யூரிட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "என் மவன் செஞ்ச தப்புல யாருக்காச்சும் அடிபட்டுச்சாங்க? எந்த ஊருன்னு சொன்னீங்கன்னா நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

யாருக்கும் அடிபடவில்லை என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அவர் நம்பினாரா? தெரியவில்லை. அந்த நிமிஷம் முடிவு செய்தேன், முரளியை விடக்கூடாது.

அந்த வரி என்றைக்கு மாறியது, எந்த லேப்டாப்பிலிருந்து மாறியது, எல்லாம் கம்ப்யூட்டர் பதிவில் அப்படியே இருந்தது. உன் பழைய ஸ்கிரிப்ட்டை எடுத்தேன். ஆறாவது நோடுக்கு மெமரியைக் கூட்டி, எட்டையும் மறுபடி ஓட்டினேன். பிராக்கெட் எங்கே உடைந்ததோ, அதே இடம் சிவப்பாக வந்தது. நீ செய்தது சரிதான் மச்சான்.

அடுத்த மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் உட்பட எல்லோரும் இருக்கும்போது திரையில் போட்டேன்.

"இந்த வரிய எழுதினது யாருங்க சார்?" என்று முரளியைக் கேட்டேன்.

"அன்வர்தான். மேல பேரே இருக்குதே."

"மாத்தின தேதியப் படிங்க சார்."

நானே படித்தேன். "அவன மண்ணுல வெச்சு அன்னிக்குப் பதினோரு நாளு. உள்ளாறருந்து லாகின் பண்ணானா? அதுவும் உங்க லேப்டாப்லருந்தா?"

வெளியே வந்ததும் முரளி என் தோளில் கை போட்டார். "ஆய்த்து பிடப்பா" என்று கன்னடத்தில் குழைந்தார், முடிந்தது விடு என்று. "சிஸ்டம் எர்ரர்னு போட்டுக்கலாம் சரவணா. எனக்கும் கொழந்தைங்க இருக்குது."

"அன்வருக்கு அத்தா இருக்காரு சார்."

கையை எடுத்துக்கொண்டார். "பாஸ்வேர்ட் குடுத்தது யாரு? உன் பேரும் வரும், பாத்துக்க."

வரட்டும். தவறு எப்படி நடந்தது என்ற அறிக்கையில் அவர் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, பாஸ்வேர்ட் கொடுத்தவன் என்று என் பெயரையும் எழுதினேன். என் வேலை நிலைக்குமா, தெரியாது. நீ இருந்திருந்தால் "போதும், விடுடா" என்றிருப்பாயோ? நீ சொன்னாலும் விட்டிருக்க மாட்டேன்.

பிளான்ட் ஹெட் மன்னிப்பு மெயில் போதும் என்றார். உன் அத்தா மெயில் பார்க்கிறவர் இல்லை, நேரில் போய்ச் சொல்லட்டும் என்று நின்றேன். கடைசியில் பிளான்ட் ஹெட்டும் தலையாட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை முரளியை உன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். முதலில் அவர் சொல்வார், தெருவுக்கே கேட்கிற மாதிரி. அவர் முடித்ததும், பாஸ்வேர்ட் கொடுத்தது நான்தான் என்று நானும் அத்தாவிடம் சொல்வேன்.

அந்த ஆளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்று போனில் அத்தாவிடம் சொன்னேன். "வூட்டுக்கு வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்காம எப்படிப்பா?" என்று என்னையே திட்டினார்.

சரி, கொடுக்கட்டும். உன் அத்தா கையால் கொடுக்கும் தண்ணீர் அந்த ஆளுக்குத் தொண்டையில் இறங்குகிறதா என்று நான் எதிரில் நின்று பார்ப்பேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் அத்தாவுக்கு இனி மகனாக இருக்கப்போகிற
உன் மச்சான்,
சரவணன்