உனக்குப் பிடித்த மூன்று

விருத்தாசலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராஜுவுக்கு அம்மா எழுதுவது,

இந்த அர்த்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள் தம்பி, பகலில் எழுதினால் அப்பா என்ன எழுதுகிறாய் என்று கேட்பார், கேட்டால் எனக்குப் பொய் வராது. நீ அங்கே வடக்கே மோர்பியில் உடம்பு சுகமாக இருக்க வேண்டும், அதைத்தான் முதலில் எழுத வேண்டும். இங்கே நாங்கள் மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் இத்தனை நீளம் எழுதினால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் டைல்ஸ் கம்பெனி விடுதி விலாசத்துக்கு அனுப்புகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

இங்கே வாங்கின முதல் சம்பளத்தில் டி.வி.யில் படம் பார்க்க ஒரு வருடச் சந்தா கட்டிக் கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். கட்டின காசுக்கு முழுசா பாரும்மா, சும்மா வெச்சிருக்காத என்று நீ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று போனில் தேடிப் படித்தேன். படத்தின் தெளிவைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் டேட்டா பாதிதான் போகிறது. நம் பாப்பா பூர்ணிமா பத்தாவது பாடத்துக்கு ஆகிற படமாகத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறாள். நான் இந்தித் தொடருக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடவிட்டு இந்தி கற்றுக்கொண்டேன், ஏன் தெரியுமா, நீ போன் எடுக்காத ஒரு நாள் உன் விடுதி ஆபீசுக்குப் பேசினேன், அந்த ஆள் சொன்னதில் டியூட்டி என்ற ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் பார்த்ததெல்லாம் துப்பறியும் தொடர். எனக்குத் தெரிந்த இந்தி முழுக்கப் போலீஸ்காரன் பேசுகிற இந்தி, கையைத் தூக்கு, எங்கே ஒளிந்திருக்கிறாய், உண்மையைச் சொல். உன்னிடம் கேட்பதற்கும் அதுதான் சரியாக இருக்கிறது.

சில நேரம் டி.வி. நின்றுபோய், உள்ளே போக நம்பர் போடு என்று கேட்கும், அந்த நாலு நம்பர் உன் போனுக்கு வரும், நான் கேட்பேன், நீ அனுப்புவாய். போன ஆடியில் நீ வீட்டை விட்டுப் போன பிறகு உன்னிடமிருந்து எனக்கு வந்ததெல்லாம் அந்த நம்பர்தான். டி.வி. அப்படி ஒன்றும் அடிக்கடி கேட்கவில்லை தம்பி. பாதித் தடவை நானே வெளியேறு என்பதை அழுத்திவிட்டு உனக்கு மெசேஜ் போட்டேன். நம்பர் உடனே வந்தால் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்துவிட்டாய், விடிந்து வந்தால் ராத்திரி வேலை, இப்படிக் கணக்கு வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவிடம் சொன்னதற்கு, அதுவாச்சும் வருதே ஒனக்கு, எம் புள்ள சென்னையில இருந்துகிட்டு மிஸ்டு காலு கூட குடுக்கறதில்ல, வாய மூடிக்கிட்டுச் சந்தோசப்படுடி என்றாள். சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மாசி மகத்துக்கு வருவாய் என்று நினைத்தோம். நீ வரவில்லை, உன் மெசேஜ்தான் வந்தது. என் ப்ரொஃபைல்ல யாரோ பூந்து பாக்குறாங்க, நா ஒரு எடத்துல நிறுத்துனா அது வேற எங்கயோ போயி நிக்கிது, எரிச்சலா இருக்கு, நா எனக்குத் தனியா கட்டிக்கிட்டேன், இத ஒன் போன் நம்பருக்கே மாத்திட்டேன், இனிமே நம்பரு ஒனக்கே வரும், என்ன கேக்க வேணாம் என்று. படித்த ஆத்திரத்தில் பூர்ணிமாவைப் பிடித்து முதுகில் இரண்டு வைத்தேன். நா பாக்கலம்மா, சத்தியமா நா இல்லம்மா என்று அழுதாள். நான் நம்பவில்லை.

மறுநாள் சாயந்திரம் மாடியில் டியூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன். அப்பா சூளை வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு ரிமோட்டும் கையுமாக டி.வி. முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் அம்மா, பாப்பா என்று இரண்டு பெயர்தான் இருந்தது. நரி பொம்மை வைத்த உன் பெயரைக் காணவில்லை. இங்க இவன் இருந்தானே, எங்க போனான் என்று டி.வி.யைப் பார்த்துத்தான் கேட்டார், என்னைப் பார்த்து இல்லை.

சந்தா கட்டியபோது எனக்கு ஒரு பெயர், பாப்பாவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று வைத்தாய். அப்பாவுக்கு நீ வைக்கவில்லை. அவர் உன் பெயரில்தான் உள்ளே போயிருக்கிறார். நான் மாடியில் இருக்கிற நேரம், பூர்ணிமா ஸ்பெஷல் கிளாஸில் இருக்கிற நேரம், தினமும். உனக்கே தெரியும், அவர் செய்தியைத் தவிர எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. சோறு போடும்போது மெதுவாகக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், படத்துக்கு அடியில செவப்பா ஒரு கோடு இருக்குதுல்ல, அது நேத்தைக்கு இருந்த எடத்தவுட்டு நகந்திருந்தா பய நல்லா இருக்கான்னு அர்த்தம், அவன் நிறுத்துன எடத்துலருந்து நானும் கொஞ்சம் பாப்பேன், பாத்துட்டுத் திருப்பி அவன் எடத்துலயே வெச்சிடலாம்னுதான் பாக்குறது, அந்தப் பட்டன் நம்ம கைக்கு நிக்கல. சூளைச் சூட்டில் தடித்துப்போன விரல் தம்பி அது. உன் இடம் தவறிப்போனது அப்படித்தான்.

அவர் உன்னைத் திட்டினதை நான் இல்லை என்று சொல்லவில்லை. சூளை முதலாளியிடம் கெஞ்சி வாங்கித் தந்த வேலையை நீ சொல்லாமல் விட்டுவிட்டாய் என்று, என் மானத்த வாங்கிட்ட, இந்த வாசப்படிய இனி மிதிக்காத என்று தெருவே கேட்கக் கத்தினார். அதை அவரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் மறக்கவில்லை. நடுவில் நான் என்ன செய்ய. இப்போது அப்பா வேலை முடிந்து வந்தால் டி.வி.யைப் போடுவதே இல்லை. அணைந்திருக்கிற டி.வி.க்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு பாதிக்குப் பாதி மிஞ்சுகிறது. நம்பர் இப்போது என் போனுக்கே வருகிறது. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கமலம் அக்கா, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிடு, சாமி பாத்துக்கும் என்றாள். பஸ் ஏறிப் போனேன். அங்கே எல்லோரும் யார் மேலாவது குறை எழுதி வேலில் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு யார் மேல் எழுதுவது என்று தெரியவில்லை, உன் மேல் எழுதவா, அவர் மேல் எழுதவா. வாங்கின காகிதத்தை அப்படியே மடித்து எடுத்து வந்துவிட்டேன். அதில்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று பூர்ணிமா பாவம், அண்ணன் பேருல புதுசா ஒண்ணு வெக்கிறேம்ப்பா என்று சொல்லி அதே நரி பொம்மையைப் போட்டு ராஜு என்று வைத்தாள். அப்பா எழுந்து வந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை, கோடும் இல்லை. உனக்குப் பிடித்த மூன்றைத் தேர்ந்தெடு என்று கேட்டுக்கொண்டு நின்றது. இவனுக்கு என்ன புடிக்கும் என்று அப்பா என்னைக் கேட்டார். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு டிகிரிப் பரீட்சை எழுதினவள் நான், இதற்குப் பதில் வரவில்லை. நீ சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

டைல்ஸ் மாவுத் தூசியில் நிற்கும்போது முகத்தைக் கட்டிக்கொள், தண்ணீர் நிறையக் குடி, அங்கே வெயில் இங்கேயை விட மோசம் என்கிறார்கள். தனியாக ஒரு சந்தா கட்டி ஏன் காசைப் போக்குகிறாய், இதிலேயே இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது. எப்போதாவது இந்தப் பக்கம் ரயில் ஏறினால் விடுதியிலேயே படங்களை இறக்கி வைத்துக்கொள், வழியெல்லாம் சிக்னல் கிடைக்காது. ஏறுவாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன். பழமலைநாதர் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும், நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும்.

அந்தக் கேள்வி இன்னும் திரையில் அப்படியே இருக்கிறது. உனக்குப் பிடித்த மூன்றை எழுதி அனுப்பு. அப்பாவுக்கு நீ எழுத வேண்டாம், எனக்கு எழுது, நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
அம்புஜவல்லி