இரண்டாம் ஆண்டில் ஓர் இடம்

ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது! நேரே இரண்டாம் ஆண்டில். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு இருந்ததே நான்கு இடம். கேட்டவர்கள் அறுபது பேர். சித்தி தன் வீட்டு வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள்.

ஆனால் இப்போதைக்கு இது தற்காலிகச் சேர்க்கைதான். பழைய கல்லூரியின் மாற்றுச் சான்றிதழும் முதலாண்டு மதிப்பெண் பட்டியலும் அசலாக ஜூன் 25-க்குள் இங்கே வந்து சேர வேண்டும். தவறினால் அடுத்து நிற்பவருக்கு இடம் போய்விடும். அப்பா வந்து வாங்கிக்கொள்வார் என்று அங்கே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நானே வரலாம் என்றால் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. சலூனை அரை நாள் மூடிவிட்டுப் போய் வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். கல்லூரிக் குமாஸ்தா உங்களிடம்தானே முடி வெட்டிக்கொள்கிறார்? காரியம் சுலபம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். டீயையே குடித்துப் பொழுதை ஓட்டாதீர்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூன் 11

என் செல்லச் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். உன் கடிதத்தைக் கடைக்கு வந்த எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பாதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த தபால்காரர், "மொதல்ல என்னை முடிச்சு விடுங்க, அப்புறம் பொண்ணு பெருமை பேசலாம்" என்றார்.

கல்லூரிக்குப் போனேன். குமாஸ்தா இன்றைக்கு வா, நாளைக்கு வா என்கிறார். முதல்வர் கையெழுத்து ஆகவில்லையாம். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. தினமும் மிஞ்சுகிறது. சித்தியைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


ஜூன் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்னும் எட்டு நாள்தான். இங்கே அலுவலகத்து அம்மாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வந்துச்சாம்மா?" என்கிறார். நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லி வைக்கிறேன்.

முட்டிவலியோடு உங்களை நடையாய் நடக்க வைக்கிறாரே அந்த மனுஷர்! ஆத்திரம் தாங்காமல், குமாஸ்தா வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று முதல்வருக்கே புகார் எழுதிப் போட்டுவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம்.

என்னால்தான் உங்களுக்கு இந்த அலைச்சல். மன்னித்துவிடுங்கள் அப்பா.

உங்கள்
சுண்டெலி


ஜூன் 27

கண்ணு,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

குமாஸ்தா நேற்று கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். உன் புகாரின் பேரில் முதல்வர் விளக்கம் கேட்டிருந்தார். "பத்தாம் தேதியே உங்க கையில குடுத்தேனே. ரிஜிஸ்டர்ல கையெழுத்துகூடப் போட்டீங்களே. பொண்ணுகிட்ட என்னன்னு சொன்னீங்க?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

ஆமாம் கண்ணு, பத்தாம் தேதியே வாங்கிவிட்டேன். தபால் நிலையம் வரை போனேன். வரிசை நீளமாக இருந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று திரும்பினேன். மறுநாள் வரிசை இல்லை. அப்படியும் திரும்பினேன். இடம் போனால் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று ஒரு நப்பாசை. உன் அம்மா போன பிறகு பதினோரு வருஷம் நீயும் நானுமாகவே இருந்துவிட்டோம். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உன் கடிதம் வந்த இருபதாம் தேதி அனுப்பியிருந்தாலும் நேரத்துக்குச் சேர்ந்திருக்கும். அன்றைக்கும் அனுப்பவில்லை. உறையைக் கத்திப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஊரார் முகத்தை வழித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் இங்கே உன் பெயரை அடித்துவிடுவார்களாம். அதுகூடத் தெரியாத மடையன் நான். உன்னை அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நிறுத்திவிட்டேன்.

இன்று காலை முதல்வரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். குமாஸ்தா மேல் தப்பில்லை என்று எழுதியும் கொடுத்தேன். உறையை இத்துடன் அனுப்புகிறேன். காலம் கடந்துவிட்டது தெரியும். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது.

அப்பா


ஜூலை 12

அப்பாவுக்கு,

உறை வந்தது. அலுவலகத்து அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜூன் பத்துன்னு போட்டிருக்கேம்மா. இத்தனை நாள் எங்க இருந்துச்சு?" என்றார். தபாலில் தாமதம் என்றேன். செய்யாதவர் தலையில் பழியைப் போட எனக்கும் வந்துவிட்டது.

என் இடம் போய்விட்டது. புது மாணவியாக முதலாண்டில் சேர்வதானால் பள்ளி மதிப்பெண் பட்டியல் போதும், ஆனால் அங்கே படித்த ஒரு வருஷம் செல்லாது என்றார்கள். சேர்ந்துவிட்டேன். வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். குமாஸ்தாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன்; நீங்களும் அவர் வீட்டுக்கே போய் ஒருமுறை கேளுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். உங்களிடம் அனுப்பி வாங்க ஒரு வாரம் அவகாசம் தந்தார்கள். உறையில் விலாசம்கூட எழுதிவிட்டேன். தபால் பெட்டியில் போடக் கை வரவில்லை. சித்தி கையெழுத்துப் போட்டாள்.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதினால் பொய்யாகிவிடும். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு வருவேன் அப்பா. எந்த விடுமுறைக்கு என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள்.

மகள்