இளஞ்சூடான கரண்டுப் பெட்டி

10-7-1987, வெள்ளி

செல்வி தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

அவளுடைய அப்பா லீவில் வந்தபோது துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் பத்து நாளாகப் பாடாய்ப் படுத்துகிறது. அதை டிவியில் மாட்டி அவள் விளையாட உட்கார்ந்தால், அரைமணி நேரத்தில் படம் கலங்கி அப்படியே நின்றுவிடும். அவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் வயரை மாற்றினேன், விளையாட்டுக் கேசட்டைத் துடைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "சாரல் நேரம்லா, வோல்டேஜ் இறங்குது" என்று ஸ்டெபிலைசர் தந்தார். அதற்கும் மசியவில்லை.

இன்று சாயங்காலம் நின்றதும் செல்வி சொன்னாள்: "எம்மா, நீ சாக்ஸ் காயப்போட்ட பொறவுதான் நிக்குது."

குற்றாலத்துச் சாரல் இங்கே தென்காசி வரை அடிக்கிறது, துணி காய்வதே இல்லை. கம்ப்யூட்டருக்குக் கரண்டு போகும் கறுப்புப் பெட்டி இளஞ்சூடாக இருக்கும். அதன்மேல் அவளுடைய ஈர சாக்ஸை தினமும் காயப்போட்டது நான்தான். சூடு வெளியேற வழியில்லாமல் போய், ஈரமும் உள்ளே இறங்கியிருக்கிறது.

"முந்தியே சொல்லுததுக்கு என்னட்டி?"

"சொன்னா விளையாட விட மாட்டியே. ரெண்டு நாளா அந்தப் பெட்டியத் தொட்டா சுருக்குன்னு அடிக்குதும்மா."

பிளக்கைப் பிடுங்கி கம்ப்யூட்டரையும் பெட்டியையும் பரணில் போட்டுவிட்டேன். ஒன்பது வயசுப் பிள்ளை, வெறுங்காலோடு, ஓதம் பூத்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அதைத் தொட்டிருக்கிறாள்.

தூங்குகிறவளின் மூக்கருகே மூன்று தடவை கை வைத்துப் பார்த்துவிட்டேன். அடுத்த கடிதத்திலும் அவர் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்றுதான் கேட்பார். பிள்ளை மூச்சு விடுகிறாள் என்று எழுதவா?