முத்துமாலை கொடுத்தனுப்பிய பாட்டில்

2020 ஏப்ரல் 5
ஊரடங்கு பன்னிரண்டாம் நாள். தச்சநல்லூரே படுத்துத் தூங்குகிறது. என் நடை இப்போது மொட்டைமாடியில்தான். நாற்பது சுற்று எண்ணாமல் அப்பா கீழே விடமாட்டார். ஊரார் அரிசி பருப்பு வாங்கிக் குவித்தபோது, அம்மா எனக்கு மூன்று மாத இன்சுலினை வாங்கிவிட்டாள். ஒன்பது பாட்டில். கெட்டிக்காரி!

ஏப்ரல் 9
சர்க்கரை உள்ள பிள்ளைகளுக்காக டாக்டர் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருக்கிறார். பாபநாசத்திலிருந்து முத்துமாலை என்று ஒருத்தி. பதினாலு வயது. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையாம். பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஆற்றுமணலை நனைத்துக் கொட்டி, அதற்குள் இன்சுலின்! போட்டோ பார்த்துச் சிரித்தேன். இந்தக் காலத்தில் இப்படியுமா?

ஏப்ரல் 14
சித்திரை விசு. நேற்றுதான் புது பாட்டில் திறந்தது. பாயசத்தைத் தொடவே இல்லை, மீட்டர் 380 காட்டுகிறது. எப்படி?

ஏப்ரல் 15
412. நாக்கு ஒட்டிக்கொள்கிறது. டாக்டர் போனில் கேட்ட முதல் கேள்வி, மருந்தை எங்கே வைத்தீர்கள் என்பதுதான். "கெட்டுறக் கூடாதுன்னு ஃப்ரிட்ஜுல ஐஸ் வைக்க எடத்துல வச்சேன்" என்றாள் அம்மா. உறைந்துவிட்டால் அது மருந்தே இல்லையாம். ஒன்பதும் போச்சு. அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

அப்பா பைக்கில் எல்லா மருந்துக்கடைக்கும் போய் வந்தார். மதுரையிலிருந்து சரக்கு வர ஒரு வாரமாம். காலைக்குள் கிடைக்காவிட்டால் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். அங்கேதான் கொரோனா வார்டு. எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

டாக்டர் என் நிலைமையைக் குழுவில் போட்டார். ஐந்தே நிமிஷத்தில் முத்துமாலையின் குரல்: "அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துதானாம். எங்கிட்ட மூணு கெடக்கு, ஒண்ணு கொடுத்துவிடுதேன். காலையில பால் வண்டி வரும்."

ஏப்ரல் 16
ஆறரைக்கு வண்டி வந்தது. அதை ஓட்டும் குற்றாலலிங்கம் அண்ணாச்சி, முகக்கவசம் தாடையில் தொங்க, ஈரத்துணிப் பொட்டலத்தை நீட்டினார். "மடியில வச்சுப் பைய கொண்டுபோங்கன்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சு. ஏலே, பாபநாசத்துலேருந்து மடியில வச்சேதாம்லே ஓட்டிட்டு வாரேன்!"

தொட்டுப் பார்த்தேன். இன்னும் சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 17
168. அம்மா மீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏப்ரல் 24
சரக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டாகப் பால் வண்டியிலேயே முத்துமாலைக்கு அனுப்பினோம். கணக்கு நேர் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 21
பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. டாக்டரிடம் போன இடத்தில் முதல்முறையாக முத்துமாலையை நேரில் பார்த்தேன். என் தோள் உயரம்கூட இல்லை. ஒல்லிக்குச்சி. ஓயாத பேச்சு.

அவள் அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னார்: "திறக்காம இருந்தது அது ஒண்ணுதான், தம்பி. திறந்ததுல அடியில கொஞ்சம் கெடந்துச்சு. நீங்க அனுப்புத வரைக்கும் சோத்தப் பாதியாக்கி, மருந்தையும் கொறைச்சுல்லா போட்டுக்கிட்டா. எனக்கே பொறவுதான் தெரியும்."

முத்துமாலை பக்கம் திரும்பினேன். "மூணு இருக்குன்னு சொன்னியே?"

"ஒண்ணுன்னா வாங்கிருப்பியளா?" என்றுவிட்டு, டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஒன்பது நாள். இவ்வளவு பெரிய மனசை அந்தச் சின்ன உடம்பு எங்கே வைத்திருக்கிறது? வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் இடத்தில் நான் இருந்து, ஒரே ஒரு பாட்டில்தான் இருந்திருந்தால், கொடுத்திருப்பேனா?

மாட்டேன்.