இருநூற்றுப் பதினான்கு துண்டுகள்

8.3.1992, ராஜபாளையம்

தம்பி குருசாமி கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்திருக்கிறான். ஜப்பானில் வாங்கியதாக ஒரு அட்டைப்பெட்டியை என் மடியில் வைத்தான். மேலே ரோபோ படம்: வெள்ளை உடம்பு, நீல மார்பு, கையில் துப்பாக்கி. திறந்தால் உள்ளே ரோபோ இல்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு குட்டிக் குட்டித் துண்டுகள்தான். எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.

"யாருக்குலே இது?" என்றார் என் வீட்டுக்காரர் பால்சாமி.

"அக்காவுக்குத்தான் அத்தான். டாக்டர் தெனமும் கடுகு பொறுக்கச் சொன்னாராம்லா. அதுக்கு இது தேவலை."

போன நவம்பரில் மில்லில் ரோலருக்குள் போன வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருக்கின்றன. மடங்காது. நுனியில் உணர்ச்சியும் இல்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். இருக்கட்டும்.

11.3.1992

நகவெட்டியால் ஒரு துண்டு வெட்டினேன். ஒன்றே ஒன்று. அதுவும் பறந்துபோய் அரிசிப் பானைக்குள் விழுந்தது.

2.4.1992

மில்லுக்குப் போனேன். பெர்சனல் ஆபீசர் வைகுண்டராஜ் உட்காரச் சொல்லவில்லை.

"பழையபடி மெஷினுக்குப் போ. முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிரு."

பன்னிரண்டு வருஷம் அதே மெஷினில் அறுந்த நூலை ஒட்டியவள் நான். இந்தக் கையால் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுக்கவும் மாட்டேன்.

"டெஸ்டிங் ரூம்ல உக்காந்து நூலைப் பாத்து மார்க் போடுற வேலை இருக்குல்லா சார். கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருக்கு?"

"எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு டெஸ்டிங் ரூமா?"

முடிவாகும்வரை கழிவுப் பஞ்சு பொறுக்கச் சொன்னார். பொறுக்குகிறேன். கேட்டதைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

19.5.1992

ரோபோவின் வலது முழங்கால் முடிந்தது. பத்தொன்பது நாள்!

கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் பிடிக்கப் பழகிவிட்டேன். பிடி நழுவினால் பல். பல்லுக்கு எட்டாதது துணிக்கு மாட்டும் கிளிப்புக்கு. விளக்கத் தாளில் எல்லாம் ஜப்பான் எழுத்து. அம்புக்குறி மட்டும்தான் புரிகிறது. அது போதும். ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ரப்பர் மாதிரி மெத்தென்று ஒரு சின்னக் குப்பி வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு மூடினால் கால் தொங்கிப்போகும். விட்டேன். பிரித்தேன். மறுபடி விட்டேன்!

ஓரத்தில் ஒரு பையன் படம். சிரித்துக்கொண்டே செய்கிறான். சிரிடா.

27.7.1992

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். பெயின்ட் பிசிறைத் துடைக்க ஆர்டுவேர் கடை தின்னரைத் தொட்டு ரோபோவின் மார்பில் தேய்த்தேன். நீலம் இளகி, தேய்த்த துணியின் நூல் வரி அப்படியே பதிஞ்சுபோச்சு. அம்புட்டும் போச்சு. நாலு மாசம்!

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடு கனி, பொம்மைதான?" என்றார்.

பொம்மைதானா? பதில் சொன்னால் சண்டை வரும்.

28.7.1992

மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, சீரோ நம்பர் எமரித்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பதாக முடிவு. தூக்கிப் போட மாட்டேன்.

20.12.1992

முடிந்தது. நிற்கிறது. ஒன்றரைச் சாண் உயரம். முட்டியை மடக்கினால் மடங்குகிறது, இடுப்பைத் திருப்பினால் திரும்புகிறது. சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

3.1.1993

யாரும் சொல்லுமுன் நானே மதிப்புப் போட்டுக்கொள்கிறேன், ஈவு இரக்கமில்லாமல்.

கால்கள் நன்று. ஒற்றைக் காலிலும் நிற்கும். தலையில் கொம்பு ஒன்று முறிந்து ஒட்டியது, தெரிகிறது. மார்பில் தின்னர் தழும்பு. தேய்த்தும் முழுசாகப் போகவில்லை. உடம்பைப் பலகை பலகையாகப் பிரிக்கும் பள்ளக் கோடுகளுக்கு இந்தியன் இங்க் ஓட்டியது எனக்கே பிடித்த இடம். பென்சில் முனை கனத்துக்குக்கூட எங்கும் தப்பவில்லை. ஸ்டிக்கர் இரண்டு கோணல். இடது தோள் தொளதொளவென்று துப்பாக்கி கனம் தாங்காமல் இறங்குகிறது. அது பெட்டிக்காரன் குற்றமில்லை, என் குற்றம். மூன்று தரம் கழற்றி மாட்டியதில் ஓட்டை பெரிதாகிவிட்டது.

நூற்றுக்கு அறுபத்தொன்று.

31.1.1993, ஸ்ரீவில்லிபுத்தூர்

இங்கே ஒரு மன்றத்தில் பொழுதுபோக்குக் கண்காட்சி. தபால்தலை, நாணயம், தீக்குச்சித் தேர் எல்லாம் இருந்தன. நான் கொடுத்திருந்த ரோபோவுக்கு முன்னால் "சிறுவர் பிரிவு" என்று அட்டை வைத்திருந்தார்கள்.

"எனக்கு முப்பத்தி மூணு வயசு சார்."

"பையன் செஞ்சதுன்னு நினைச்சோம்மா."

"நான் செஞ்சது. அட்டையை மாத்துங்க."

மாற்றினார்கள். நடுவராக வந்த ஓவிய வாத்தியார் இடது தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சரியில்லையே" என்றார். சந்தோஷமாக இருந்தது. பாவம் பார்க்காமல் பார்த்த முதல் ஆள். இரண்டாம் பரிசு. யாரோ போட்டோ எடுத்தார்கள்.

5.2.1993

பேப்பரில் வந்திருக்கிறது. நானும் ரோபோவும். "தானே செய்த ரோபோவுடன் மில் தொழிலாளி செல்லக்கனி."

9.2.1993

மில்லில் குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். "கை ஊனம் என்று பொய் சொல்லி நிர்வாகத்தை ஏமாற்றியது." கூடவே அந்தப் பேப்பர் துண்டு, சிவப்பு மையில் என் கையைச் சுற்றி வட்டம் போட்டு. சூப்பர்வைசர் ரத்தினம், நான் கழிவுப் பஞ்சைச் சரசரவென்று பிரித்ததைப் பார்த்ததாகச் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுவராக இருந்து விசாரிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒருவரை வைத்திருக்கிறார்களாம். குற்றம் உறுதியானால் வேலை போகும்.

ஒன்பது மாசம்! பல்லால கடிச்சு, கிளிப்பு மாட்டி — அது பொய்யா?

12.2.1993

இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இவரும் அதே மில்தான். இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் செஞ்சேன்னு சொல்லிருவோம் கனி. நீ சும்மா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தேன்னு சொல்லு. முடிஞ்சுபோகும்."

"முடியாது."

"வேலை போயிருமே ஏட்டி!"

"போகட்டும். இதை நான் செய்யலைன்னு என் வாயால வராது."

"எம்புட்டுப் பிடிவாதம் ஒனக்கு" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

இவர் சொல்வது கெட்ட எண்ணத்தில் இல்லை. பயம். எனக்கும்தான் பயம். ஆனால் என் கை முடியாதது என்று காட்ட, முடிந்த ஒன்றையும் மறைக்க வேண்டுமா? இது எந்த ஊர் நியாயம்?

3.3.1993

இன்று விசாரணை. எல்லாவற்றையும் எழுத வேண்டும். கை வலிக்கிறது. வலிக்கட்டும்.

ரோபோவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், இவர் எனக்கு முன்னால் நிற்கிறார், லீவு போட்டுவிட்டு. "வாரேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் வந்தார்.

வக்கீல் ஆபீஸில் வைகுண்டராஜும் ரத்தினமும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் இவரிடம், "நீங்கதான செஞ்சு குடுத்தீங்க?" என்றார். நான் இவர் வாயையே பார்த்தேன்.

"தொட்டதுகூட இல்லய்யா. தொட்டா கையைக் கடிச்சிருவா."

வக்கீல் சிரித்துவிட்டார். நான் ரோபோவின் இடது கையைக் கழற்றினேன். பதினொரு துண்டாகப் பிரித்து மேஜையில் பரப்பினேன்.

"மணி பாத்துக்கிடுங்க ஐயா."

பதினொன்று பத்து.

மாட்ட ஆரம்பித்தேன். எல்லாரும் பார்க்கும்போது விரல் இன்னும் மோசம். மூட்டுக் குப்பி உருண்டு தரையில் விழுந்தது. வைகுண்டராஜ் குனிந்தார்.

"வேண்டாம் சார். நானே எடுக்கேன்."

சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன். ஐந்து தரம் நழுவியது. ஆறாவது தரம் விரலில் எச்சில் தொட்டு ஒட்டி எடுத்தேன். கிளிப்பை மாட்டினேன். பல்லால் கடித்தேன். வியர்வை மூக்கில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

வக்கீல், "போதும்மா, புரிஞ்சுபோச்சு" என்றார்.

"போதாது ஐயா. இன்னும் முடிக்கலை. செத்த நேரம் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். முடித்து மாட்டியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு.

"நாப்பத்திரண்டு நிமிஷம், ஒரு கைக்கு. மெஷின்ல நூல் அறுந்தா எம்புட்டு நேரத்துல ஒட்டணும்னு சாரைக் கேளுங்க ஐயா."

வைகுண்டராஜ் ஃபைலைப் புரட்டினார். வக்கீல் திரும்பக் கேட்டார்.

"அஞ்சாறு செகண்டு" என்றார்.

"இது நான் முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும். மெஷின் நிக்காது. என்னால முடியாதுன்னு நான் எப்பவும் சொல்லலை. மெஷின்ல முடியாதுன்னுதான் சொன்னேன். உக்காந்து பாக்குற வேலை குடுங்கன்னுதான் கேட்டேன். அது பொய்யா?"

வக்கீல் ரொம்ப நேரம் எழுதினார். ரத்தினம் என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அங்கே வரவில்லையே, அது போதும். இவர் பால்கோவா பொட்டலத்தைப் பிரித்து என் இடது கையில் வைத்தார்.

22.4.1993

"குற்றம் நிரூபிக்கப்படவில்லை." தாளை மூன்று தரம் படித்தேன். டெஸ்டிங் ரூமில் ஆறு மாசம் போட்டுப் பார்ப்பார்களாம். பார்க்கட்டும். நானும் அவர்களைப் பார்க்கிறேன்.

14.6.1993

ஏழாவது வாரம். கருப்புப் பலகையில் நூலைச் சுற்றி, வெளிச்சத்தில் சாய்த்து, தடிப்பும் முடிச்சும் எண்ணி மார்க் போடுகிறேன். இன்று ரத்தினம் செக்‌ஷனிலிருந்து வந்த பன்னிரண்டு பலகையில் நான்கு தேறவில்லை. எழுதி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே வந்துவிட்டார்.

"செல்லக்கனி, கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?"

"பாத்துத்தான் போட்டிருக்கேன். நீங்களும் பாருங்க."

ஸ்டூலை இழுத்துக் கொடுத்தேன். நான்கு பலகையையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ரிஜிஸ்டரில் என் கோணல் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.