கேட்டுவிட்டு அடிக்கிறவர்கள்

ஜூன் 3

இயக்குநர் என்று ஒரு பெண் வந்திருந்தாள். பேச்சு அவ்வளவு மெத்தென்று இருப்பதால் மனதுக்குள் ‘பஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டேன். மறைந்த என் கணவர் எழுதி, இயக்கி, நடித்த நாடகத்தை மறுபடி மேடையேற்ற என் அனுமதி வேண்டுமாம். ஒரு வரிகூட மாறாது. மூன்றாம் காட்சியில் கணவன் மனைவியை அறைவது மட்டும் நிஜமாக இருக்காது.

“நடிக்கிறவங்களுக்கோ பாக்கிறவங்களுக்கோ பழைய காயம் ஏதாவது இருக்கலாம். அதைக் கிளறிடக் கூடாதும்மா.”

அன்று கணவன் அவர், மனைவி நான். அவர் விட்ட அந்த அறைக்குத்தான் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இவளுக்கு அது வேண்டாமாம்.

மகன் கொதித்தான். “அப்பா நாடகத்துல கைவைக்க இவங்க யாரு? நிஜமா அறைஞ்சா அனுமதி, இல்லேன்னா கிடையாதுன்னு சொல்லிடும்மா.”

அதையேதான் சொல்லப்போகிறேன். ஒத்திகையைப் பார்த்துவிட்டுச் சொன்னால் மரியாதையாக இருக்கும்.

ஜூன் 6

வட்டமாக உட்கார்ந்து, இன்று மனசு எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டுமாம். கணவனாக நடிக்கும் தடியன், “நேத்து சரியாத் தூங்கல” என்றான். எல்லாரும் உருகிப்போய்த் தலையாட்டினார்கள். நான் படித்த கான்வென்ட் சிஸ்டர்கள் இருந்திருந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்கள், தூக்கம் தானாக வந்திருக்கும். என் முறை வந்தது. “நாற்காலி ஆடுது” என்றேன்.

யாராவது கையை உயர்த்தினால் காட்சி நின்றுவிடும். ஏன் என்று கேட்கமாட்டார்கள். மனைவியாக நடிக்கும் பெண் இன்று உயர்த்தினாள். நின்றது. தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தார்கள்.

நான் காய்ச்சலோடு மேடையேறியவள்.

ஜூன் 7

தொட்டாச்சிணுங்கி நாடக சபா.

ஜூன் 11

அடிதடிக் காட்சிகளைச் சொல்லித்தர ஒருவர் வருகிறார். நரைத்த தலை, அளந்த பேச்சு. “அப்போ எப்படி நின்னீங்கன்னு காட்ட முடியுமாம்மா?” என்றார். போய் நின்றேன். முதுகு நேராக. தடியன் எட்ட நின்று கையை ஓங்கினான்.

“நிறுத்துப்பா” என்றார் அவர். “அம்மா, கை கிளம்புறதுக்கு முன்னாடியே பல்லைக் கடிச்சு முகத்தைத் திருப்பிட்டீங்க.”

“பழக்கம்.”

“ரொம்ப நாள் நடந்த நாடகமா?”

“ஒரு கோடைக்காலம்.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஒரு கோடையில் வருகிற பழக்கமில்லை என்று புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தடியன் மெதுவாகக் கேட்டான்: “அம்மா, இன்னொரு தடவை கை ஓங்கட்டுமா?”

வேண்டாம் என்றேன்.

“சரிங்கம்மா.” கையை இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதானா? ஓங்கின கையை இறக்க ஒரு ஆம்பளைக்கு இவ்வளவுதான் ஆகுமா? நான் என்னென்னமோ செஞ்சு பாத்தேனே —

ஜூன் 12

என் கணவர் அந்தக் காட்சியை வீட்டிலும் ஒத்திகை பார்ப்பார். நாடகம் முடிந்த பிறகும் பார்த்தார். வசனம் இல்லாமலே.

ஜூன் 15

பஞ்சு கேட்டபடியே அனுமதி கொடுத்துவிட்டேன். மகன் குதித்தான். “அப்பா மானத்தை வாங்கிட்டே.”

“அதைச் சுமந்து சுமந்து எனக்கு முதுகு வளைஞ்சிடுச்சுடா. இனிமே நீ சுமந்துக்கோ.”

ஜூலை 2

அறையும் சத்தத்துக்குத் திரைக்குப் பின்னால் ஒருவர் கை தட்டுகிறார். கை வீசி முடிந்து சாவகாசமாகச் சத்தம் வருகிறது. சகிக்காமல், “சத்தம் கையோட வரணும், கைக்குப் பின்னாடி இல்ல” என்று சொல்லிவிட்டேன்.

“நீங்களே தட்டுறீங்களாம்மா?” என்றாள் பஞ்சு. “வேணாம்னா வேணாம்.”

ஜூலை 19

இன்று அரங்கேற்றம். திரைக்குப் பின்னால் நின்று தட்டினேன். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேடையில் இருந்தவள் கன்னத்தில் ஒரு தூசிகூடப் படவில்லை.

நான் தட்டப்போவதை மகனிடம் சொல்லியிருக்கவில்லை. முடிந்ததும் உள்ளே வந்தான். குறை சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். முகம் வெளுத்திருந்தது. “யாரும்மா தட்டினது? அப்படியே அப்பா அடிக்கிற சத்தம்.”

அந்த நாடகம் நின்ற பிறகு பிறந்தவன் அவன். மேடையில் அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

அது அவனுக்கும் உறைத்துவிட்டது. என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்தான்.

“நான்தான்” என்றேன்.

வண்டியில் பாதி வழி போனதும், “நாளைக்கும் நீதான் தட்டணுமாம்மா?” என்றான்.

“தட்டணும்னு கட்டாயமில்ல. கேட்டாங்க. சரின்னேன்.”