அத்தான் வண்டிக்கு நல்ல பூட்டு

ஜூன் 3
பூட்டு வேலை இருக்கிறது என்று அக்கா வரச் சொன்னாள். அத்தானுடைய பழைய காரில் கதவுப் பூட்டெல்லாம் தேய்ந்துவிட்டது. என் சைக்கிள் சாவியைப் போட்டேன், திறந்தது. பீரோ சாவிக்கும் திறந்தது. ஸ்பூனைக் காட்டினாலே திறக்கும், அவ்வளவு இளகின மனசு என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

போன வாரம் அத்தான் ஓட்டிக்கொண்டு போய்ப் பாலத்தடியில் திசை தெரியாமல் நின்றாராம். அக்கா பேட்டரியைக் கழற்றிவிட்டாள். இப்போது ஓடாத வண்டியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உச்சி வெயிலில் உட்கார்ந்துவிடுகிறார். நேற்று மயங்கியே போய்விட்டார்.

"அவரால திறக்க முடியாதபடி பண்ணிடு. அவர்கிட்ட சொல்லாதே."

ஜூன் 5
பூட்டைக் கழற்றினேன். உள்ளே சாவிப் பல்லோடு பொருந்த வேண்டிய பித்தளைத் தகடெல்லாம் மழுங்கிக் கிடக்கிறது. அத்தான் முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கேயோ பயணம் போகத்தான் சரி பண்ணுகிறேன் என்று நினைப்பு. குட்டிக் குட்டி ஸ்பிரிங்கைச் சிந்தாமல் எடுத்துத் தருகிறார். என் பெயர்தான் வரவில்லை. மாப்ளே, மாப்ளே என்று சமாளிக்கிறார்.

என் கல்யாணத்துக்கு வந்தீங்களா அத்தான் என்று சீண்டினேன்.

"வந்தேன். சாப்பாடு சரியில்ல."

ஜூன் 6
வேலை சுத்தம்னு அத்தான் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதுக்கு ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

ஜூன் 8
புதுத் தகடு போட்டாச்சு. புதுச் சாவி அக்கா இடுப்பில். அத்தான் தன் சாவியைப் போட்டுத் திருகினார். அடுத்த கதவு. அதற்கும் அடுத்தது. நான் எண்ணெய் டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். திட்டுவார் என்று பார்த்தால் கோபமே இல்லை. கண்ணாடியில் பட்ட கை அழுக்கைச் சட்டையால் துடைத்தார்.

"யார் வண்டியோ மாப்ளே. விட்ரு, கீறல் விழுந்துடப் போகுது."

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஜூன் 9
காலையிலேருந்து அத்தானைக் காணோம். தன் வண்டியைத் தேடிப் போயிருக்கார். என்ன வேலை பண்ணித் தொலைச்சேன் நான்?

சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் பின்னால் கிடைத்தார். ஏதோ ஒரு லாரிக் கதவில் சாவியை நுழைத்திருக்கிறார். டிரைவர் திருடன் என்று கையை முறுக்கிவிட்டான். மணிக்கட்டு வீங்கியிருக்கு.

ஜூன் 10
பழைய தகட்டையே வைக்கட்டுமா என்று கேட்டேன். வெச்சு, அவர் மறுபடி வெயில்ல வேகட்டுமான்னு அக்கா கேட்டாள். பூட்டினாலும் தப்பு, திறந்தாலும் தப்பு— நான் என்னதான் செய்ய?

ஜூன் 14
இப்போதெல்லாம் என் பூட்டுப் பட்டறைக்கு மதியத்துக்கு மேல்தான். காலையில் அத்தானும் நானும் வண்டி தேடப் போகிறோம். புறப்படும்போது வாசலில் நிற்கும் வண்டியைத் தொட்டுக் காட்டுகிறார்.

"இதே நெறந்தான் மாப்ளே. நல்லா பார்த்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன்.